நீரில் இறங்கும் விதம்: பாஸ் மீனுக்கான மென் பிளாஸ்டிக் இரைகள்

பெருவாய் பாஸ் துரத்திப் பிடிப்பதைவிடப் பதுங்கிப் பிடிக்கும் மீன். நீர்ப்பாசியின் ஓரம், மூழ்கிக் கிடக்கும் மரக்கிளை, படகுத்துறைத் தூணின் நிழல் என்று ஓர் ஒதுக்கிடம் பார்த்து அசையாமல் நிற்கும். எட்டும் தூரத்தில் இரை வந்ததும் வாயை அகலத் திறக்கும். உள்ளே பாயும் நீரோடு இரையும் போய்விடும். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் இந்த உறிஞ்சலில் கடிக்கும் வேலையே இல்லை. வாய்க்குள் வந்தது மரக்கட்டைபோலக் கெட்டியாகவோ உலோகமாகவோ இருந்தால் வந்த வேகத்திலேயே வெளியே தள்ளிவிடும். மென்மையான பிளாஸ்டிக்கில் வார்த்த செயற்கை இரைக்கு மதிப்பு வருவது இங்கேதான். அது வாய்க்குள் சதை போல அமுங்குவதால் மீன் சற்றுக் கூடுதல் நேரம் வைத்திருக்கும். தூண்டில்காரருக்கு அந்த நேரம் போதும்.

பாஸ், வட அமெரிக்காவின் நன்னீர் மீன். நம் கழிமுகங்களில் வாழும் கொடுவாவுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது; இது சூரியமீன் குடும்பத்தைச் சேர்ந்தது. பெருவாய் பாஸ், சிறுவாய் பாஸ் என்ற இரண்டு இனங்களைத் தேடித்தான் பெரும்பாலோர் போகிறார்கள். பெருவாய், செடிகொடி நிறைந்த வெதுவெதுப்பான நீரில் இருக்கும். சிறுவாய்க்குப் பாறையும் சரளையும் தெளிந்த குளிர்நீரும் வேண்டும். 1967-இல் ரே ஸ்காட் என்பவர் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் 106 பேரைக் கூட்டி ஒரு போட்டி நடத்தினார். அடுத்த ஆண்டே பாஸ் தூண்டில்காரர்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அதன்பின் இந்த மீனைப் பிடிப்பது அமெரிக்காவில் பொழுதுபோக்காக மட்டும் நிற்கவில்லை, பரிசுப் பணம் புரளும் தொழிலாகவும் ஆனது. இரை செய்பவர்களுக்குள் போட்டி மூண்டது. இன்று தூண்டில் கடைக்குள் நுழையும் புதியவர் சுவர் முழுக்கத் தொங்கும் நூற்றுக்கணக்கான பைகளைப் பார்த்துத் திகைத்து நிற்பதற்குக் காரணம் அந்தப் போட்டிதான்.

பைகள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் வகைகள் அவ்வளவு இல்லை. நிறத்தையும் பெயரையும் ஒதுக்கிவிட்டு, இந்த இரை நீரில் எவ்வளவு வேகமாக, எந்த நிலையில் இறங்குகிறது என்று மட்டும் பார்த்தால் பெரும்பாலானவை ஏழெட்டுக் குழுக்களுக்குள் அடங்கிவிடும். பாஸ் ஒரு மென் இரையை அது இறங்கும்போதோ, தரையைத் தொட்ட மறுநொடியிலோதான் பெரும்பாலும் எடுக்கிறது. எனவே ஒப்பிடுவதற்கு முதல் அளவுகோல் இறக்கம், அடுத்தது உருவம், நிறமும் மணமும் கடைசியில்தான். இரையைத் தனியாக வைத்து ஒப்பிடுவதிலும் பொருளில்லை. ஒரே புழு, எடையில்லாமல் கட்டினால் ஓர் இரை, முன்னால் எடை சேர்த்தால் வேறோர் இரை.

ரப்பரில் செய்த புழுக்கள் முன்பே இருந்தாலும் அவை விறைப்பானவை. ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் நிஜ மண்புழுவை அச்சாகக் கொண்டு, வினைல் பிளாஸ்டிக்கில் மென்மையான புழுவை வார்த்து 1949-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றைய மென் இரைகளின் வரலாறு அந்தப் புழுவிலிருந்து தொடங்குகிறது. அவருடைய தொழில் பின்னர் டெக்சஸின் டைலர் நகருக்குப் பெயர்ந்தது.

மூலப்பொருளின் பெயர் பிளாஸ்டிசால். பி.வி.சி. பிசினின் நுண்துகள்கள் ஓர் எண்ணெய் போன்ற இளக்கியில் மிதக்கும் பால்நிறத் திரவம் அது. ஏறத்தாழ 175 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றினால் துகள்கள் இளக்கியை உறிஞ்சிக்கொள்ள, திரவம் தெளிந்து கண்ணாடிபோல் ஆகும். அந்த நிலையில் சாயமும் மினுக்குத் தூளும் உப்பும் கலந்து அச்சில் ஊற்றி ஆறவிட்டால் இரை தயார். சூடு எல்லை மீறினால் கருகி, நச்சுப் புகை எழும். வீட்டில் வார்ப்பவர்கள் திறந்த வெளியில் முகமூடியோடு செய்வது அதனால்தான். இளக்கி கூடினால் இரை குழைவாகவும் எளிதில் கிழிவதாகவும் இருக்கும். குறைந்தால் நீடித்து உழைக்கும்; ஆனால் நீரில் அசைவு குறைந்துபோகும். உப்பைக் கலப்பதால் எடை கூடும். மென் இரைகளுக்கிடையே பெரும்பாலான வேறுபாடுகள் இந்த இளக்கி, உப்பு இரண்டின் அளவிலிருந்தே பிறக்கின்றன.

குழுக்களில் மூத்தது நேர்வால் புழு. ஆறு, ஏழு அங்குல நீளம், கூர்ந்து முடியும் வால், வேறு எந்த அலங்காரமும் கிடையாது. அதைப் பயனுள்ளதாக்கியது டெக்சஸ் கட்டு. 1960-களில் டெக்சஸில் புதிதாக நிரம்பிய நீர்த்தேக்கங்களில் காடே மூழ்கிக் கிடந்தது. சாம் ரேபர்ன் நீர்த்தேக்கம் அப்படிப்பட்டது. முள்முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எந்த இரையும் அங்கே முதல் வீச்சிலேயே கிளையில் மாட்டிக்கொள்ளும். முள்முனையைப் புழுவின் உடலுக்குள்ளேயே மறைத்துவிட்டால் மாட்டாது என்பதுதான் டெக்சஸ் கட்டின் அடிப்படை.

கட்டும் முறை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். துப்பாக்கித் தோட்டா வடிவில் நடுவே துளையுள்ள ஒரு குண்டை முதலில் நரம்பில் கோத்துவிட்டு, வளைவு அகன்ற 3/0 அல்லது 4/0 அளவு முள்ளைக் கட்ட வேண்டும். முள்முனையைப் புழுவின் தலையில் கால் அங்குலம் குத்தி, பக்கவாட்டில் வெளியே எடுத்து, முள்ளின் கண் தலைக்குள் மறையும்வரை இழுக்க வேண்டும். பிறகு முள்ளை அரைவட்டம் திருப்பி, வளைவு புழுவின் உடலில் எங்கே விழுகிறது என்று அளந்து பார்த்து, அந்த இடத்தில் முனையைச் செருக வேண்டும். புழு சுருக்கமோ வளைவோ இல்லாமல் நேராகத் தொங்கினால் கட்டு சரி. இம்மியளவு கோணினாலும் இழுக்கும்போது சுற்றிச்சுற்றி வந்து நரம்பை முறுக்கிவிடும். புதியவர்கள் மீன் கிடைக்கவில்லை என்று புழுவை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பல நேரங்களில் குறை இந்தக் கோணலில் இருக்கும்.

மூன்றரை கிராம் குண்டு போட்டால் நேர்வால் புழு மெதுவாகத் தலைகீழாக இறங்கும். ஏழு கிராம், பதினான்கு கிராம் என்று கூட்டினால் வேகம் கூடும். தரை தொட்டதும் தடியின் நுனியை மெல்ல உயர்த்தி, மறுபடி இறங்கவிட வேண்டும். மீன் எடுக்கும்போது ‘டொக்’ என்று ஒரு சுண்டல் கைக்கு வரும். சில நேரம் அதுகூட வராது, நரம்பு மட்டும் பக்கவாட்டில் நகரத் தொடங்கும். அதனால் இந்த முறையில் தேர்ந்தவர்கள் நரம்பு நீரைத் தொடும் இடத்திலிருந்து பார்வையை எடுப்பதே இல்லை.

நேர்வால் புழுவின் வாலை நீட்டிச் சுருட்டினால் அது நாடாவால் புழு. எட்டிலிருந்து பன்னிரண்டு அங்குலம்வரை வரும். இழுக்கும்போது அந்த வால் நெளிந்து நெளிந்து நீரைத் தள்ளும். மீனின் உடலின் இரு பக்கமும் ஓடும் உணர்கோடு இந்த நீர் அதிர்வைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், கலங்கிய நீரிலும் இரவிலும் நேர்வாலைவிட இதற்கு வலு அதிகம். கோடையில் மீன் ஆழத்துக்குப் போய்விடும் பெரிய ஏரிகளில் பத்து அங்குல நாடாவால் புழு பல தலைமுறையாக நம்பப்படும் இரை. தெளிந்த, அதிகம் தூண்டில் விழும் ஏரியில் இதே ஆட்டம் மீனை மிரட்டவும் செய்யும்.

1990-களில் கேரி யமமோட்டோ கொண்டுவந்த ‘செங்கோ’ என்ற குச்சிப் புழு இந்தக் கணக்கையெல்லாம் புரட்டிப் போட்டது. கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். வால் கிடையாது, கால் கிடையாது, கொடுக்கு கிடையாது. இரு முனையும் லேசாகக் குறுகிய தடித்த குச்சி. சாதாரணப் பேனாவின் வடிவத்தை வைத்து அமைத்தது என்று அதன் பிறப்பைச் சொல்வார்கள். சூட்சுமம் உள்ளே இருக்கிறது. பிளாஸ்டிசாலில் உப்பைத் தாராளமாகக் கலந்திருப்பதால் ஐந்து அங்குலக் குச்சி ஒன்று ஏறத்தாழ பத்து கிராம் வரும். குண்டு எதுவும் கட்டாமலே தூர எறியலாம், தானாகவே மூழ்கும். எடை உடல் முழுக்கப் பரவியிருப்பதால் தலைகீழாகப் போகாமல் கிடைமட்டமாக, மெதுவாக, உடலைச் சிலிர்த்துக்கொண்டு இறங்கும்.

இதை டெக்சஸ் கட்டில் எடையில்லாமலும் போடலாம். ஆனால் இதற்குப் புகழ் தந்தது ‘வாக்கி’ கட்டு: குச்சியின் நட்டநடுவில் ஒரு சிறு முள்ளைக் குறுக்காகக் குத்திவிடுவது. இரு முனைகளும் தொங்க, இறங்கும்போது இரண்டும் சிறகடிப்பது போல அசையும். நுனியை ஒருமுறை சுண்டி நரம்பைத் தளர்த்தினால் குச்சி நடுவில் மடிந்து, பிறகு மெல்ல விரியும். தூண்டில்காரர் செய்ய வேண்டியது மிகக் குறைவு; இரையே எல்லாவற்றையும் செய்துவிடுகிறது. பாஸ் பிடிக்கக் கற்றுக்கொள்ளும் ஒருவருக்கு ஒரே ஒரு மென் இரையைத்தான் கொடுக்கலாம் என்றால் இந்தக் குச்சிப் புழுவைக் கொடுப்பதே சரி. குறை இரண்டு. நடுவில் குத்திய பிளாஸ்டிக் ஒன்றிரண்டு மீனுக்குமேல் தாங்காமல் கிழியும். குச்சியின்மேல் ரப்பர் வளையம் மாட்டி அதன் அடியில் முள்ளைச் செருகினால் ஆயுள் கூடும். இரண்டாவது குறை வேகம்: ஆறு மீட்டர் ஆழத்துக்கு எடையில்லாத குச்சி இறங்கிச் சேர்வதற்குள் காற்று படகைத் தள்ளிக்கொண்டு போய்விடும். மூன்று மீட்டருக்குட்பட்ட நீர்தான் அதன் களம்.

அந்த ஆழச் சிக்கலுக்கு விடை ஜப்பானிய முறைகளில் இருக்கிறது. 1925-இல் ஆஷி ஏரியில் விடப்பட்ட பாஸ், ஜப்பான் முழுக்கப் பரவி உள்ளூர் மீன்களைத் தின்று பெருந்தொல்லை ஆனது. அயல் இனங்களைக் கட்டுப்படுத்த 2005-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் பட்டியலில் அதுவும் உண்டு. ஆனால் அங்குள்ள தூண்டில்காரர்கள் தெளிந்த நீரில், ஓயாமல் தூண்டில் பார்த்துப் பழகிய மீனைப் பிடிக்கச் சிறிய இரைகளையும் மெல்லிய நரம்பையும் கொண்டு பல நுட்பங்களை வளர்த்தார்கள். புழுவின் தலையில் ஆணி போன்ற சிறு எடையைச் செருகி நட்டுக்குத்தலாக ஆடவிடும் ‘நெக்கோ’ கட்டு அவற்றில் ஒன்று. குண்டை நரம்பின் கடைசியிலும் முள்ளை அதற்கு ஒரு சாண், இரண்டு சாண் மேலேயும் கட்டும் ‘டிராப் ஷாட்’ இன்னொன்று. குண்டு தரையில் ஊன்றி நிற்க, நான்கு அங்குல மெல்லிய புழு தரைக்குமேல் அந்தரத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும். இரை இறங்குவதும் இல்லை, நகர்வதும் இல்லை. பத்து மீட்டர் ஆழத்தில், தரையிலிருந்து சற்று உயர்ந்து மிதக்கும் மீனின் முகத்துக்கு நேரே இரையை நிறுத்திவைக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை. 1990-களின் இறுதியில் இது அமெரிக்கப் போட்டிகளுக்குள் நுழைந்தது.

எளிமையில் இதற்கும் ஒருபடி மேல் போனது ‘நெட்’ கட்டு. கான்சாஸ் மாநிலத்து எழுத்தாளர் நெட் கேடியின் பெயரால் வழங்குவது. இரண்டரை, மூன்று அங்குலத் துண்டுப் புழு; அதன் முன்னால் காளான் வடிவத் தலைகொண்ட, இரண்டு மூன்று கிராம் எடையுள்ள முள். பார்த்தால் எதையுமே ஒத்திருக்காது. இங்கே பிளாஸ்டிக்கின் தன்மை தீர்மானமான பங்கு வகிக்கிறது. இசட்-மேன் நிறுவனம் ‘எலாஸ்டெக்’ என்ற பெயரில் விற்கும் இரைகள் பி.வி.சி.யில் செய்தவையல்ல, ரப்பர்போல் இழுபடும் வேறொரு பாலிமர். அது நீரில் மிதக்கும். எனவே தலை தரையில் உட்கார்ந்ததும் வால் மேல்நோக்கி எழுந்து நின்றபடி நீரோட்டத்துக்கு ஏற்ப ஆடும். தரையில் எதையோ மேயும் சிறு உயிர்போல அது தோன்றும். உப்பு நிறைந்த பி.வி.சி. துண்டை அதே முள்ளில் மாட்டினால் தரையில் படுத்துக்கொள்ளும். உருவம் ஒன்றே ஆனாலும் பொருள் வேறானால் வேலை வேறாகிறது. குளிர்காலத்திலும், வேறு எதையும் மீன் தொடாத நாள்களிலும் நெட் கட்டு ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் வரும் மீன் பெரும்பாலும் சிறியது. முள்முனை திறந்திருப்பதால் அடர்செடிக்குள் போடவும் முடியாது.

மீன் பதுங்கியிருப்பது அடர்ந்த செடிக்குள் என்றால் கணக்கு தலைகீழாகிவிடும். புளோரிடாவின் ஒக்கிச்சோபி ஏரியிலும் அலபாமாவின் கன்டர்ஸ்வில் நீர்த்தேக்கத்திலும் நீர்த்தாவரங்கள் பாய் விரித்தாற்போல் மேற்பரப்பை மூடியிருக்கும். அதன் அடியில் நிழலும் குளிர்ச்சியும் சிற்றுயிர்களும் உண்டு. பெரிய மீனும் உண்டு. அந்தப் பாயைத் துளைத்து இறங்க 28 முதல் 42 கிராம்வரை குண்டு வேண்டும். இரையும் சிறிதாய், வழுவழுப்பாய், நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்புகள் குறைவாய் இருக்க வேண்டும். கொடுக்குகள் உடலோடு ஒட்டி மடியக்கூடிய நன்னீர்ச் சிங்கி இறால் வடிவ இரைகள் இதற்குப் பொருத்தமானவை. பாய் கிழிந்து இரை உள்ளே விழுந்த மறுநொடி மீன் கவ்வும். யோசிக்க அதற்கு நேரமில்லை. இங்கே மெல்லிய நரம்பு உதவாது. இருபத்தைந்து, முப்பது கிலோ தாங்கும் பின்னல் நரம்பும் விறைப்பான தடியும் இருந்தால்தான் செடியோடு சேர்த்து மீனை வெளியே இழுக்க முடியும். குறுகிய தூரத்தில், ஓசையெழாமல் ஒவ்வொரு புதருக்குள்ளும் இரையை ஊசல்போல் ஆட்டி இறக்கும் ‘ஃபிளிப்பிங்’ முறையை 1970-களில் கலிஃபோர்னியாவின் டீ தாமஸ் பரப்பினார். பாயைத் துளைக்கும் முறை அதன் வாரிசு.

கன்டர்ஸ்வில்லின் செடிப்பாயைத் துளைத்துப் போகாமல் அதன் மேலே இழுத்துச் செல்லும் இன்னொரு மென் இரையும் உண்டு: உள்ளீடற்ற தவளை. இரண்டு முள்களும் உடலோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் செடியில் மாட்டாது. மீன் கவ்வும்போது உடல் அமுங்கி முள் வெளிப்படும். தமிழகத்துக் குளங்களில் விரால் பிடிக்கும் இளைஞர்கள் அல்லியிலைகளுக்கு மேல் இழுப்பதும் இதே வகைத் தவளைதான்; விராலும் பாஸைப்போலப் பதுங்கித் தாக்கும் மீன் என்பதால் இரை இடம் மாறியும் வேலை மாறவில்லை.

சிங்கி இறால் வடிவங்களோடு ‘ஜந்து’ வகையையும் சேர்த்துப் பார்க்கலாம். ஜூம் நிறுவனத்தின் ‘பிரஷ் ஹாக்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. புழுவுக்கு இறகும் காலும் வாலும் முளைத்தது போன்ற இந்த வடிவம் இயற்கையில் எந்த உயிருக்கும் இல்லை. உறுப்புகள் கூடக்கூட நீர்த்தடை கூடும். ஒரே குண்டில் புழுவைவிட இது மெதுவாக இறங்கும். செடி அவ்வளவு அடர்த்தியில்லாத இடங்களில், அதிலும் முட்டையிடும் பருவத்தில், இதற்கு வேலை அதிகம். நீரின் வெப்பம் 16 டிகிரியைத் தாண்டியதும் ஆண் பாஸ் கரையோரத்தில் தரையைத் துடைத்துக் கூடு அமைத்துக் காவல் நிற்கும். அங்கே வரும் எதையும் பசியில்லாவிட்டாலும் கவ்வி அப்புறப்படுத்தும். முட்டை தின்னும் சாலமாண்டர்களிடம் பாஸுக்குத் தனிப்பகை என்பது தூண்டில்காரர்களின் நெடுநாள் நம்பிக்கை. நான்கு கால் பல்லி வடிவப் புழுக்கள் வசந்த காலத்தில் விற்றுத் தீர்வதற்கு அதுவே காரணம். அவற்றைக் கரோலினா கட்டில் இழுப்பது வழக்கம். கனத்த குண்டு முன்னால் தரையைக் கிளறிக்கொண்டு போகும். அதற்கடுத்து ஒரு மணியும் சுழல்வளையமும். இரண்டு மூன்று அடி பின்னால் எடையற்ற இரை மிதந்து தொடரும். பரந்த தரையை விரைவாகத் துழாவ இது நல்லது, புதருக்குள் உதவாது.

சிறுவாய் பாஸின் பாறைத் தரையில் குழல் இரைக்கு நிகரில்லை. பாபி கார்லண்டின் ‘கிட்ஸிட்’ இந்த வகையைப் பிரபலமாக்கியது. உள்ளீடற்ற குழல், ஒருமுனை மூடி, மறுமுனை நூல்நூலாகக் கீறியிருக்கும். முள்ளோடு சேர்ந்த ஈயத்தலையைக் குழலுக்குள்ளே செருகிவிடுவார்கள். எடை முன்பக்கம் இருந்தும் குழல் நேராக விழாது. சுழன்று சுழன்று இறங்கும். தரையில் இழுத்தால் பின்வாங்கும் சிங்கி இறால்போல இருக்கும். வட அமெரிக்கப் பேரேரிகளில் இதற்கு இன்னொரு வேடமும் வாய்த்தது. 1990 வாக்கில் கப்பல்களின் நிலைநிறுத்த நீரோடு வந்து சேர்ந்த ‘ரவுண்ட் கோபி’ என்ற சிறுமீன் அங்கே பெருகியது. ஈரி ஏரியின் சிறுவாய் பாஸ் அதைத் தின்று கொழுத்தது. தரையோடு ஒட்டிக் குதித்துக் குதித்து நகரும் கோபியின் நடையைப் பழுப்புப் பச்சைக் குழல் அப்படியே காட்டுகிறது.

மீன்வடிவ இரைகள் இரண்டு வகை. முதலாவது, வாலில்லாமல் நேராக முடிவது. கனெக்டிகட் மாநிலத்து ஹெர்ப் ரீட் வடிவமைத்த ‘ஸ்லக்-கோ’ முன்னோடி. ஜூமின் ‘ஃபுளூக்’ இன்று பரவலாகப் பயன்படுவது. எடையின்றிக் கட்டி, நுனியைச் சுண்டினால் இடமும் வலமுமாகத் துள்ளும். நிறுத்தினால் உயிர்போகும் மீன்போல் மெல்ல மூழ்கும். ஷேட் என்ற சிறுமீன்களின் கூட்டத்தைப் பாஸ் மேற்பரப்பில் துரத்தும் இலையுதிர் காலத்தில் இதற்கு ஈடில்லை. இரண்டாவது, துடுப்புவால் கொண்டது. சீராகச் சுருட்டினாலே வால் ‘படபட’வென அடித்துக்கொள்ளும். இறக்கத்தைவிட ஓட்டத்தை நம்பும் மென் இரை இது. மீன் எங்கே இருக்கிறது என்று தெரியாதபோது பெரிய பரப்பைத் தேட இதையும், இடம் தெரிந்தபின் மெதுவாக இறங்கும் புழுவையும் பயன்படுத்துவது அனுபவசாலிகளின் வழக்கம்.

நிறத்தைப் பற்றிய பேச்சுக்கு முடிவே இல்லை. ஆனால் ஓர் ஆய்வு அதைக் கொஞ்சம் தெளிவாக்கியது. இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குறிப்பிட்ட நிறத்தைத் தேர்ந்தால் உணவு என்று பெருவாய் பாஸைப் பழக்கி, 2019-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாஸின் விழித்திரையில் கூம்பு உயிரணுக்கள் இரண்டே வகை: ஒன்று பச்சைக்கு, மற்றது சிவப்புக்கு. சிவப்பையும் பச்சையையும் அது நன்றாகப் பிரித்தறிந்தது. ஆனால் எலுமிச்சை மஞ்சளையும் வெள்ளையையும் குழப்பிக்கொண்டது. நீலத்தையும் கறுப்பையும் அப்படியே. மனிதக் கண்ணுக்காக அச்சிட்ட நுண்ணிய நிற வேறுபாடுகளில் பல மீனுக்குப் பொருட்டில்லை என்பதே இதன் பொருள். நடைமுறைக்குத் தெளிந்த நீரில் பூசணிப் பச்சை, தர்பூசணிப் பச்சை போன்ற மங்கல் பச்சைகள். கலங்கலில் நிழலுரு எடுப்பாகத் தெரியும் கறுப்பு-நீலம். சிறுமீன் துரத்தும் காலத்தில் வெள்ளை. இந்த மூன்றும் கைவசம் இருந்தால் ஏரியில் தடுமாற வேண்டியதில்லை.

மணத்தின் கதை அலபாமாவின் யூஃபாலா நகரத்து டாம் மானால் புகழ்பெற்றது. அவருடைய ‘ஜெல்லி’ புழுக்களில் பழவாசனை வீசும். பிறகு பூண்டு, சோம்பு, காபி எல்லாம் வந்தன. மணத்தை மோப்பம் பிடித்துப் பாஸ் தொலைவிலிருந்து வருவதில்லை. அது கண்ணாலும் உணர்கோட்டாலும் வேட்டையாடும் மீன். ஆனால் வாய்க்குள் போன பிறகு சுவை அதை எவ்வளவு நேரம் பிடித்துவைக்கிறது என்பது வேறு விஷயம். பெர்க்லி நிறுவனத்தின் ‘பவர்பெய்ட்’ சுவை சேர்த்த பிளாஸ்டிக் என்றே விற்கப்படுகிறது. அதே நிறுவனத்தின் ‘கல்ப்’ பி.வி.சி. இல்லாமல் நீரை அடிப்படையாகக் கொண்டு செய்தது. சாறு பரவும், ஆனால் மூடிய பையிலிருந்து எடுத்து வெயிலில் வைத்தால் காய்ந்து விறைத்துப் போகும். மெதுவாக அசைக்கும் நெட், டிராப் ஷாட் முறைகளில் மணம் சேர்ப்பதற்கு ஓரளவு நியாயம் உண்டு. செடிப்பாயைத் துளைத்து மறுநொடியில் மீன் கவ்வும் இடத்தில் அது வீண்செலவு.

உழைக்கும் காலத்தை வைத்துப் பார்த்தால் வரிசை இன்னொரு விதமாக அமைகிறது. உப்பு நிறைந்த குச்சிப் புழுதான் சீக்கிரம் கிழியும். சாதாரணப் பிளாஸ்டிசால் புழு இடைநிலை. எலாஸ்டெக் போன்றவை ஒரு பையோடு ஒரு பருவத்தையே ஓட்டிவிடும். ஆனால் அவற்றைச் சாதாரணப் பிளாஸ்டிசால் இரையோடு ஒரே பெட்டியில் போடக் கூடாது. இரண்டும் ஒன்றோடொன்று வினைபுரிந்து பிசுபிசுவென உருகி ஒட்டிக்கொள்ளும்.

இப்படிக் கிழிந்துபோகும் இரைகள் எங்கே போகின்றன என்பது அக்கறையோடு பார்க்க வேண்டிய செய்தி. முள்ளிலிருந்து நழுவி ஏரியின் அடியில் தங்குபவை ஏராளம். கனடாவின் ஒன்டாரியோவில் சார்ல்ஸ்டன் ஏரியைக் களமாகக் கொண்டு நடந்த ஆய்வில், இரண்டாண்டு நீரில் ஊறிய மென் இரைகள் சிதையவில்லை. உப்பி அளவு பெருத்தன. விழுங்கிய மீன்களின் பங்கு குறைவாக இருந்தாலும், வயிற்றில் பிளாஸ்டிக்கோடு மீன்கள் கிடைக்கவே செய்தன. மெய்ன் மாநிலத்தில் 2013-இல் இந்த இரைகளைத் தடைசெய்ய ஒரு மசோதா வந்தது. தடைக்குப் பதிலாக ஆராயச் சொல்லிச் சட்டமன்றம் மீன்வளத் துறையிடம் ஒப்படைத்தது. குண்டின் கதையில் முன்னேற்றம் தெளிவு. சிறு ஈயக்குண்டை விழுங்கும் லூன் பறவைகள் ஈயநஞ்சால் இறப்பதால் நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் உள்ளிட்ட வடகிழக்கு மாநிலங்கள் அவற்றுக்குத் தடை விதித்தன. மாற்றாக வந்த டங்ஸ்டன் விலை பல மடங்கு. ஆனால் ஈயத்தின் அடர்த்தி 11.3 என்றால் அதன் அடர்த்தி 19.3. அதே எடைக்குச் சிறிய குண்டு போதும். செடியை எளிதாகத் துளைக்கும். கடினமாக இருப்பதால் தரை சரளையா சேறா என்பதைக் கைக்குத் தெளிவாகக் கடத்தும்.

கிழிந்த புழுக்களைத் தூக்கி எறியாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வைக்கும் வழக்கம் இப்போது பல படகுகளில் இருக்கிறது. பி.வி.சி. பிளாஸ்டிசால் மீண்டும் உருகக்கூடியது என்பதால் வீட்டில் வார்ப்பவர்கள் அவற்றைக் காய்ச்சிப் புதுப் புழுக்களாக ஊற்றுகிறார்கள். பல நிறம் கலந்து கடைசியில் பெரும்பாலும் அடர்பழுப்பாகவோ கறுப்பாகவோ வரும். கலங்கல் நீருக்கு அந்த நிறம் பொருந்தும். எலாஸ்டெக் துண்டு அந்தப் பாத்திரத்தில் விழுந்துவிட்டால் கலவை சேராமல் கெட்டுவிடும் என்பதால், இரண்டு வகைக்கும் தனித்தனி டப்பா வைத்துக்கொள்கிறார்கள்.